கிரைண்டர் போட்டால் வீடே இருட்டாகிறது, ஆர்சிசிபியை எடுத்துவிடலாமா?

அக்டோபர் 14, காலை: கேள்வி

கும்பகோணத்தில் இருக்கிறோம். 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். கொஞ்ச நாளாக அதைப் போட்டால் மெயின் போர்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பை அறுக்கும் சுவிட்ச்) விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. அதே பிளக்கில் மிக்சி ஒழுங்காக ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து கிரைண்டரின் த்ரீ பின் பிளக்கை வெட்டிவிட்டு டூ பின் மாட்டினார், ஜம்மென்று ஓடியது. "கிரைண்டர் நல்லாத்தான் இருக்கு, உங்க ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும், ரொம்ப சென்சிட்டிவ், 100 போட்டுடலாம், இல்லேன்னா எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடலாம்" என்கிறார். அம்மாவுக்கு தீபாவளிக்குள் கிரைண்டர் ஓட வேண்டும். எடுத்துவிடலாமா அண்ணா?

அக்டோபர் 14, காலை 11.10

எடுக்காதே தம்பி. 100-ம் வேண்டாம். முதலில் அந்த டூ பின் பிளக்கை உருவிப் போடு, அம்மாவை கிரைண்டர் பக்கமே போக விடாதே. இரண்டு நாளைக்கு மாவை மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். மதியம் விவரமாக எழுதுகிறேன்.

அக்டோபர் 14, மதியம் 2.30

டூ பின் மாட்டியதும் ஓடியது என்பதுதான் இதில் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆர்சிசிபிக்குள் ஒரு வளையம் இருக்கிறது, கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸும் திருப்பி எடுத்துப்போகும் நியூட்ரலும் இரண்டும் அதன் நடுவே போகின்றன. போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்தால் அது சும்மா இருக்கும். கல்லாவில் ராத்திரி கணக்குப் பார்க்கிற மாதிரிதான், வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. எவ்வளவு லோடு ஓடுகிறது என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம், அதை எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் இன்னொரு சுவிட்ச்) பார்த்துக்கொள்ளும்.

உன் கிரைண்டரில் கரண்ட் எங்கேயோ பாடியில் கசிகிறது. த்ரீ பின் இருந்தபோது அது எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போனது, கணக்கு உதைத்தது, ஆர்சிசிபி விழுந்தது. எர்த் முள்ளை எடுத்ததும் கசிவுக்குப் போக வழி இல்லை, அதனால் விழவில்லை. கசிவு நிற்கவில்லை, பாடியிலேயே காத்துக்கொண்டிருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரக் கையால் ஸ்டீல் டிரம்மில் மாவைத் தள்ளிவிடும்போது அம்மாதான் அந்த எர்த் ஒயர். அப்போதும் ஆர்சிசிபி இருந்தால் அரை நொடிக்குள் அறுத்துவிடும் (சரியாகச் சொன்னால், 30 மில்லி ஆம்பியர் கசிவில் 0.3 நொடிக்குள் விழுந்தாக வேண்டும், ஐந்து மடங்கு கசிவில் 0.04 நொடிக்குள்). உங்கள் எலக்ட்ரீஷியன் அதையும் எடுக்கச் சொல்கிறார். எர்த்தும் இல்லை, ஆர்சிசிபியும் இல்லை என்றால் அந்தச் சமையலறையில் அம்மாவுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் என்ன மிச்சம்?

100 மில்லி ஆம்பியர் என்பது ஆளைக் காப்பாற்றப் போடுவது இல்லை, கசிவால் தீப்பிடிக்காமல் இருக்கப் போடுவது. பெரிய கட்டடங்களில் மெயினில் 100 அல்லது 300 இருக்கும், ஆனால் அதற்குக் கீழே பிளக் பாயிண்டுகளுக்குத் தனியாக 30 இருக்கும். 100-ஐ மட்டும் போட்டு, 80 உடம்பு வழியாகப் போனால் அது விழாமலே நிற்கலாம்.

அக்டோபர் 14, இரவு 9

ஒரு நண்பர் "டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பாடியில் எரிந்தால் லீக்" என்று எழுதியிருக்கிறார். எர்த் இல்லாத பாடியில் டெஸ்டர் நியான் லேசாக எரிவது வெறும் இண்டக்‌ஷனாலும் நடக்கும், நல்ல சாமானிலும் எரியும். எரியாவிட்டால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. புறங்கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம், எங்கள் ஏரியாவில் அதைச் செய்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

தம்பி, எனக்கு ஒரு விவரம் வேண்டும். பழையபடி த்ரீ பின் மாட்டிய பிறகு, கிரைண்டரைத் தொடாமல், சுவர் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே பிளக்கைச் சொருகினால் விழுகிறதா? சுவிட்சைப் போட்ட நொடியில் விழுகிறதா? இல்லை, பத்து நிமிடம் ஓடிய பிறகா? இந்த மூன்றும் மூன்று வேறு வியாதிகள்.

அக்டோபர் 15, காலை 8

அவன் பதில் இது: சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே சொருகினாலும் விழுகிறது, ஆனால் எப்போதும் இல்லை. சொருகி வைத்துவிட்டால் தண்ணீர் மோட்டார் போடும்போது விழுகிறது. கிரைண்டர் ஓடவே இல்லை, சும்மா சொருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் என் யோசனை மாறிவிட்டது. மழை தொடங்குகிற நேரம், பழைய கிரைண்டர், அதனால் மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்றுதான் நேற்று நினைத்தேன். ஈரத்தால் வரும் கசிவுக்கு ஃபேஸ் வேண்டும். 230 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் போக ஏழாயிரத்துச் சொச்சம் ஓம் போதும், ஈரம் பிடித்த மோட்டார் காயிலின் (செம்புச் சுருள்) தடை அந்த அளவுக்கு இறங்கும். ஆனால் சுவர் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் அறுக்கிறது, ஆஃபில் இருந்தால் கிரைண்டருக்குள் இருப்பது நியூட்ரலும் எர்த்தும்தான். இந்த இரண்டுக்கும் நடுவே வீட்டில் ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும். தண்ணீர் மோட்டார் மாதிரி பெரிய லோடு ஓடினால் நியூட்ரல் ஒயரில் இழப்பு கூடி அந்த வோல்ட் கொஞ்சம் ஏறும். இரண்டு வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் போக வேண்டும் என்றால் நடுவே அறுபது எழுபது ஓம்தான் இருக்க முடியும். ஈரம் அந்த அளவுக்கு வராது. செம்பு நேராகத் தகட்டில் உட்கார்ந்தால்தான் வரும்.

ஆக, நியூட்ரல் ஒயர் எங்கேயோ பாடியைத் தொடுகிறது. வீட்டில் வேறு ஏதாவது ஓடும்போது, அந்தச் சாமான் திருப்பி அனுப்பும் கரண்டில் ஒரு பங்கு கிரைண்டரின் எர்த் வழியாக நழுவுகிறது. மிக்சி ஓடுவதும் மோட்டார் போட்டால் விழுவதும் இதனால்தான்.

அக்டோபர் 15, காலை 8.40

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது, மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்: அந்த சுவர் சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்து வைத்திருப்பார்கள், அப்போது ஆஃப் செய்தாலும் கிரைண்டருக்குள் ஃபேஸ் இருக்கும், நான் சொன்ன கணக்கு முழுவதும் புரண்டுவிடும். டெஸ்டர் இதற்கு உதவும். பிளக் பாயிண்டை நேராகப் பார்த்தால் எர்த் துளை மேலே, வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் வலது மட்டும் எரிய வேண்டும், அணைத்தால் இரண்டும் எரியக் கூடாது.

(தம்பி பார்த்துவிட்டான். சரியாகத்தான் இருக்கிறது.)

அக்டோபர் 16, இரவு

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். 110 வோல்ட் கிரைண்டர், ஊரில் வாங்கி எடுத்துப் போனது, சமையல் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிஎஃப்சிஐ சாக்கெட்டில் (கசிவைக் கண்டால் தானே அறுக்கும் சாக்கெட்) போட்டால் படக்கென்று விழுகிறதாம், ஹாலில் உள்ள சாதாரண சாக்கெட்டில் ஓடுகிறதாம். அங்கே மாவு அரைத்துக்கொள்ளலாமா என்கிறார்.

வேண்டாம் அக்கா. நம் ஊரில் மெயினில் ஒன்று போட்டு வீட்டையே காப்பாற்றப் பார்ப்போம், அமெரிக்காவில் அந்தந்த சாக்கெட்டிலேயே வைத்துவிடுகிறார்கள், அளவும் அங்கே வேறு. நம் ஆர்சிசிபி 30, உங்கள் ஜிஎஃப்சிஐ 4-லிருந்து 6 மில்லி ஆம்பியருக்குள் விழும். ஒரே கிரைண்டர் 7 மில்லி ஆம்பியர் கசிந்தால் கும்பகோணத்தில் யாருக்கும் தெரியாது, உங்கள் வீட்டில் ஓடவே ஓடாது. அதற்காக உங்கள் சாக்கெட்டைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்த 5 எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டிய கதை. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸியல் என்ற பேராசிரியர் இருந்தார். கரண்ட் பிடித்தால் கை தானாக இறுகிக்கொள்ளும் இல்லையா, எத்தனை மில்லி ஆம்பியர் வரை ஒரு ஆள் தன் முயற்சியில் கையை விடுவித்துக்கொள்ள முடியும் என்று மனம் ஒப்பி வந்தவர்களை வைத்து அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. ஜிஎஃப்சிஐயை 1961-ல் உருவாக்கியதும் அவர்தான். கையை விட முடிகிற அளவுக்குள்ளேயே அறுத்துவிட வேண்டும் என்பதுதான் 5. நம் 30 அந்த எல்லையைத் தாண்டியது, பிடித்துக்கொள்ளும், வலிக்கும், ஆனால் இதயத்தைக் குலைப்பதற்கு முன் அறுத்துவிடும் என்ற கணக்கில் வைத்தது. அதையும் 100 ஆக்கலாம் என்று ஒருவர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அக்கா, உங்கள் கிரைண்டரில் அநேகமாக ஈரம்தான். நல்ல வெயில் அங்கே இப்போது கிடைக்காது, ஹீட்டர் ஓடுகிற அறையில் பிளக்கை உருவி, டிரம்மைத் தனியே எடுத்துவிட்டு, பாடியைச் சாய்த்து நான்கைந்து நாள் வைத்துப் பாருங்கள். விழாமல் ஓடினால் அதன் பிறகு டிரம்மைக் கழற்றாமல் அப்படியே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை நிறுத்த வேண்டும். காய்ந்தும் விழுந்தால் கடைக்குத்தான்.

அக்டோபர் 18, காலை

கழுவுவதைப் பற்றி எழுதியதும் பழைய நினைவுகள் வருகின்றன, கொஞ்சம் நீளும்.

கோயம்புத்தூரில் ஒரு ரீவைண்டிங் கடையில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவன் நான். கிரைண்டருக்குப் பிறந்த ஊரே எங்கள் ஊர்தான், 1955 வாக்கில் சபாபதி இங்கே செய்தார், பிறகு கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்றே புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. 2011-ல் அரசு இலவச மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்த பிறகு டேபிள் டாப் இல்லாத வீடே குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கடை வாசலில் கிரைண்டர்கள் வரிசையாக நிற்கும், புகார் ஒன்றேதான்: ஷாக் அடிக்குது.

பிரித்தால் முக்கால்வாசி ஒரே காட்சி. டிரம்முக்கு நடுவில் ஷாஃப்ட் ஏறி வருகிற இடத்தில் ஒரு ஆயில் சீல் இருக்கும், ரப்பர். வருடக்கணக்கில் சூடும் மாவும் பட்டு அது காய்ந்து வெடித்துப் போயிருக்கும். தண்ணீர் தனியாக இறங்கினால் காய்ந்துவிடும், மாவுத் தண்ணீர் இறங்கினால் பேரிங்கில், பெல்ட்டில், கடைசியில் மோட்டார் மேல் படிந்து ஓடாகிவிடும், அந்த ஓடு மழைக்காலத்தில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிலர் அரைக்கும்போதே உப்புப் போடுவார்கள். உப்பு கலந்த மாவுத் தண்ணீர் கரண்டுக்கு ராஜபாட்டை. அரைத்து எடுத்த பிறகு பாத்திரத்தில் உப்புப் போட்டுக் கரைப்பது கிரைண்டருக்கு நல்லது, அம்மாக்களிடம் இதை நான் கெஞ்சியே சொல்வேன்.

கடையில் மோட்டாரைக் கழற்றி, சுத்தம் செய்து, பெரிய பல்பு போட்டுக் காயவைத்து, வார்னிஷ் அடித்து, சீலையும் மாற்றிக் கொடுப்போம். காயில் கருகாத வரைக்கும் ரீவைண்டிங் தேவையே இல்லை, "காயில் போச்சு" என்று சொன்னால் கருகியதைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நிறைய பேர் சீரிஸ் பல்பு (வழியில் தொடராக மாட்டிய பல்பு) வைத்து எர்த், அதாவது பாடியில் கசிவு, பார்ப்பார்கள். பல்பு எரியவில்லை, எர்த் இல்லை, எடுத்துப் போங்கள் என்பார்கள். 60 வாட் குண்டு பல்பு முழுதாக எரிய 260 மில்லி ஆம்பியர் வேண்டும், 20 மில்லி ஆம்பியருக்கு அதன் இழை சிவக்கக்கூடச் செய்யாது, ஆனால் அந்த 20 ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போதும். மல்டிமீட்டரும் ஈரக் கசிவை விட்டுவிடும், அதன் சின்ன பேட்டரிக்கு அந்தத் தடை அசையாது. கேட்க வேண்டியது மெக்கர், அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர். 500 வோல்ட் மெக்கரில், பிளக்கின் ஃபேஸ் நியூட்ரல் முள் இரண்டையும் சேர்த்து ஒரு பக்கம், எர்த் முள் மறு பக்கம், கிரைண்டர் சுவிட்ச் ஆனில். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் நாங்கள் வெளியே விட மாட்டோம், நல்ல மோட்டார் அதற்கு எவ்வளவோ மேலே நிற்கும்.

அக்டோபர் 21, மாலை

தம்பி கடையில் கொடுத்து வாங்கிவிட்டான். படமும் அனுப்பினான். ஒயர் பாடிக்குள் நுழைகிற இடத்தில் இருந்த ரப்பர் வளையம் எப்போதோ விழுந்து போயிருக்கிறது, தகட்டு விளிம்பில் ஒயர் உராய்ந்து உராய்ந்து நீல ஒயரின் தோல் கிழிந்து செம்பு தெரிகிறது. கிரைண்டரை நகர்த்தினால் ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் தொடாது, "எப்போதும் இல்லை" என்று அவன் சொன்னது அதனால். நீல ஒயர் என்றால் நியூட்ரல். பழுப்பு ஒயர் அதே இடத்தில் ஒரு நூல் தள்ளி இருந்தது, அதன் தோலும் பாதி தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் டூ பின்னில் ஓட்டியிருந்தால் பாடி முழுக்க 230 வோல்ட் நின்றிருக்கும்.

புது த்ரீ கோர் ஒயர், புது ரப்பர் வளையம், மோல்டட் த்ரீ பின் பிளக். மெக்கரில் 4 மெகா ஓம். எனக்கு அந்த 4 அவ்வளவாகப் பிடிக்கவில்லை, உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கிறது, ஆனால் தீபாவளி வேலைக்குப் போதும்.

அக்டோபர் 22

"எங்கள் வீட்டில் எர்த்தே கிடையாது, ஆர்சிசிபி போட்டும் பயன் இல்லைதானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். பயன் உண்டு, கட்டாயம் போடுங்கள். எர்த் இருந்தால் கசிந்த நொடியிலேயே, யாரும் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொடும்போதுதான் விழும், ஒரு அடி வாங்கித்தான் தீர வேண்டும், ஆனால் பெரும்பாலும் உயிர் நிற்கும். முன்பெல்லாம் தண்ணீர் பைப்பில் எர்த் கட்டி வைப்பார்கள். பைப்பை எல்லாம் பிவிசியாக மாற்றிய பிறகு அந்த எர்த் எங்கேயும் போவதில்லை, பழைய வீடு என்றால் அதைத் தேடிப் பாருங்கள்.

அக்டோபர் 22, சற்று நேரம் கழித்து

ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். அந்தப் பொத்தான் உள்ளே இருக்கும் இயந்திரத்தைத்தான் சோதிக்கிறது, உங்கள் எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது.

நவம்பர் 6, காலை 7.20

தம்பியிடமிருந்து மறுபடியும். தீபாவளிக்கு எல்லாம் அரைத்து முடித்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. இப்போது திரும்ப விழுகிறதாம். "கடைக்காரர் ஏமாத்திட்டார், எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் சரி போலிருக்கு" என்று எழுதியிருக்கிறான். சாயங்காலம் அரைத்தால் விழுவதில்லை, காலையில் அரைத்தால் விழுகிறது, அதுவும் எல்லாக் காலையும் இல்லை. சுவிட்ச் ஆஃபில் சொருகினால் விழவில்லை, மோட்டார் போட்டாலும் விழவில்லை.

அவசரப்படாதே தம்பி. கடைசி வரி முக்கியம், பழைய வியாதி போய்விட்டது. இது வேறு.

நவம்பர் 6, இரவு

நாள் முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காலை மட்டும், மழை நாள், சில நாள் மட்டும். காலையில் வீட்டில் வேறு என்ன ஓடும்? கீசர்.

30 மில்லி ஆம்பியர் என்பது கிரைண்டருக்கு மட்டும் எழுதி வைத்த பங்கு இல்லை, வீட்டில் இருக்கிற அத்தனை சாமானுக்கும் சேர்த்து. அதிலும் 30 என்று போட்டிருந்தாலும் 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், தரம் அப்படித்தான் அனுமதிக்கிறது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, எல்லாவற்றிலும் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும், பழுதே இல்லாமல் ஆளுக்குக் கொஞ்சம் எர்த்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். எல்லாம் சேர்ந்து விளிம்பில் நிற்கும்போது கடைசியாகப் போடுகிற சாமான் மேல் பழி விழும்.

தம்பி, நாளைக் காலை கீசரில் சிவப்பு விளக்கு எரியும்போது கிரைண்டரைப் போட்டுப் பார், விளக்கு அணைந்த பிறகும் போட்டுப் பார்.

நவம்பர் 7, காலை

விளக்கு எரிந்தால் விழுகிறது, அணைந்தால் விழவில்லை! தண்ணீர் சூடாகி தெர்மோஸ்டாட் அறுக்கும்போது கீசர் எலிமெண்டுக்கு (உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பி) ஃபேஸ் போகாது, கசிவும் நிற்கும். எல்லாக் காலையும் விழாததற்கும் இதுதான் காரணம். சந்தோஷத்தில் இரண்டு காபி குடித்துவிட்டேன்.

நவம்பர் 7, மதியம்

இடையில் வந்த மற்ற கேள்விகள். நடுராத்திரியில் ஆர்சிசிபி விழுந்து காலையில் ஃப்ரிட்ஜ் உருகிக் கிடக்கிறது என்கிறார் திருநெல்வேலிக்காரர். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் என்றால் பின்னால் பனியை உருக்க ஒரு ஹீட்டர் இருக்கும், பல மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக ஓடும். அது கசிய ஆரம்பித்தால் நேரம் கெட்ட நேரத்தில்தான் விழும், யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். மெக்கானிக்கிடம் டீஃப்ராஸ்ட் ஹீட்டரை மெக்கர் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் போட்ட நாளிலிருந்து விழுகிறது என்று எழுதியவருக்கு: சாமான் எதையும் சந்தேகப்படாதீர்கள், ஒயரிங்கைப் பாருங்கள். இன்வெர்ட்டர் லைனுக்கு ஃபேஸை ஆர்சிசிபிக்குப் பிறகு எடுத்துவிட்டு, நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கும் கட்டையில் (நியூட்ரல் ஒயர்களை ஒன்றாகச் சேர்க்கும் இடம்) கொண்டுபோய்க் கட்டியிருப்பார்கள். போன கரண்ட் வேறு வழியில் வீடு திரும்பினால் அது விழத்தானே செய்யும்.

நவம்பர் 10, இரவு

கும்பகோணத்தில் வேறொரு எலக்ட்ரீஷியன் கிடைத்தார், லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர். சாதாரண கிளாம்ப் மீட்டரில் மில்லி ஆம்பியர் தெரியாது, இது தனி. மெயினில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வி அளந்திருக்கிறார். வீட்டில் வழக்கமாக ஓடுகிற எல்லாம் சேர்ந்து 5, கீசர் சூடாகும்போது 16, அதோடு கிரைண்டரும் சேர்ந்தால் 19-ல் விழுகிறது. கடையில் 4 மெகா ஓம் காட்டிய கிரைண்டர் ஈர நாளில் தடை இன்னும் இறங்கி 3 மில்லி ஆம்பியர் கசிகிறது, அதை விடலாம் என்று இல்லை, ஆனால் 11 கசிகிற கீசர் யார் கண்ணிலும் படாமல் குளியலறையில் நின்றுகொண்டிருக்கிறது. அதற்குக் கீழே நின்றுதான் இத்தனை நாளும் வீட்டில் எல்லோரும் குளித்திருக்கிறார்கள்.

எலிமெண்டைக் கழற்றினால் போர் தண்ணீர் உப்பு திட்டுத் திட்டாக அப்பியிருக்கிறது, ஓர் இடத்தில் உறையில் முடி மாதிரி விரிசல். உறைக்குள் நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடிதான் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பிக்கு இன்சுலேஷன், அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. விரிசல் வழியே நனைந்துவிட்டால் முடிந்தது. கெட்டில், ரைஸ் குக்கர், ஓவன் எலிமெண்ட் எல்லாமே இதே கதைதான். நீண்ட நாள் சும்மா வைத்திருந்த ஓவன் மழைக்காலத்தில் முதல் தடவை போடும்போது விழுந்தால், உறை நன்றாக இருக்கும் பட்சத்தில், ஓரங்களில் ஏறிய ஈரம்தான், கடையில் காயவைத்து மெக்கர் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். விரிசல் விட்ட எலிமெண்டைக் காயவைத்துப் புண்ணியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

நவம்பர் 12

புது எலிமெண்ட் போட்ட பிறகு கீசர், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் மூன்றையும் சேர்த்து ஓட்டியும் விழவில்லையாம். அம்மா இன்று காலை அடைக்கு அரைத்தார்களாம்.

போர்டில் இடம் இருந்தால் சமையலறைக்கும் குளியலறைக்கும் ஒரு 30, மற்ற அறைகளுக்கு ஒரு 30 என்று பிரித்துப் போடச் சொல் தம்பி. ஒன்று விழுந்தால் வீடே இருட்டாகாது, கசிவுக் கணக்கும் இரண்டாகப் பிரியும். நியூட்ரல் கட்டையையும் இரண்டாகப் பிரித்தால்தான் இது வேலை செய்யும், ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை ஒன்றாகக் கட்டினால் இரண்டுமே நிற்காமல் விழும், அப்புறம் மறுபடி யாராவது வந்து எடுத்துவிடலாம் என்பார். தை மாதம் வெயில் ஏறியதும் கிரைண்டரை ஒரு தடவை கடைக்குக் கொண்டுபோய் ஆயில் சீலை மாற்றி, மோட்டாருக்கு வார்னிஷ் அடித்து வாங்கு. திரும்ப வாங்கும்போது மெக்கர் ரீடிங்கை பில்லிலேயே எழுதித் தரச் சொல்.